யாரிடம் கடிதம் கேட்பது, யாரிடம் வழி கேட்பது: எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் நான் பட்டதும் அறிந்ததும்

வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னதும், எல்லோரும் என்னிடம் கேட்டது ஜிமேட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பற்றித்தான். கட்டுரை எழுதுவதைப் பற்றிச் சிலர் பேசினார்கள். உன்னைப் பற்றி யார் கடிதம் எழுதப் போகிறார், அவர் உன் வேலையை எவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதல் ஆண்டில் நான் விண்ணப்பித்த எந்தக் கல்லூரியிலிருந்தும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. ஜிமேட்டுக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கும் கட்டிய பணம், கல்லூரிக்குக் கல்லூரி 250 முதல் 275 டாலர் வரை கட்டிய விண்ணப்பக் கட்டணம், விண்ணப்பிக்க வழிகாட்டும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம் எல்லாவற்றையும் கூட்டினால், ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய் போயிற்று. அடுத்த ஆண்டு அதே வேலையில், அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பித்து இடம் கிடைத்தது. இடையில் மாறியவை இரண்டு: எனக்காகக் கடிதம் எழுதியவர்கள், அந்தக் கல்லூரிகளில் படித்தவர்களிடம் நான் பேசிய விதம். அந்த இரண்டைப் பற்றி மட்டும், இப்போது விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக, சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஒரகடத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். பொறியியல் படித்த நம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் என்றால் எம்.எஸ். விண்ணப்பம்தான் நினைவுக்கு வரும். பேராசிரியர்களைப் பிடித்து, நாமே தட்டச்சு செய்து கொண்டுபோன கடிதத்தில் துறையின் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதைக் கல்லூரிக் காலத்திலேயே பார்த்துப் பழகிவிட்டோம். துறைத் தலைவர் கையெழுத்து என்றால் மதிப்பு, முதல்வர் கையெழுத்து என்றால் இன்னும் மதிப்பு என்ற எண்ணமும் அங்கேயே ஊறிவிடுகிறது. மேலாண்மைக் கல்லூரிகளின் எதிர்பார்ப்பு முற்றிலும் வேறு. வகுப்பில் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்பதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடுவதால், வேலையிடத்தில் உங்களோடு தினமும் மல்லுக்கட்டியவர் என்ன சொல்கிறார் என்பதையே அவர்கள் கேட்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு இரண்டு கடிதங்களில் ஒன்று இப்போதைய நேரடி மேலதிகாரியிடமிருந்து வர வேண்டும் என்றே சொல்கிறது. ஹார்வர்டு, அமெரிக்காவின் வார்ட்டன், பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளாகங்கள் உள்ள இன்சியாட் ஆகியவையும் இரண்டு கடிதங்கள் கேட்பவை.

ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு ஒதுக்கப்பட்டவர், எங்கள் நிறுவனத்தின் இயக்குநரிடம் கடிதம் வாங்குவதுதான் சரி என்று உறுதியாகச் சொன்னார். பதவி பெரிதாக இருந்தால் கடிதத்துக்கு எடை கூடும் என்பது அவருடைய கணக்கு. இயக்குநர் நல்லவர். ஆண்டு விழாவில் எனக்கு விருது கொடுத்தவர், கேட்டவுடன் மறுக்காமல் ஒப்புக்கொண்டவர். கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்த பிறகு நன்றி சொல்லப் போனபோது, அவரே பேச்சுவாக்கில் சொன்னார்: "மனிதவளத் துறையில சொல்லி எழுத வச்சேம்மா. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. கடின உழைப்பாளி, குழுவோட ஒத்துப் போறவங்க, எல்லாம் போட்டிருந்தாங்க." அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்ததெல்லாம் மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் ஓடிய என் வரைபடங்களின் வழியாகத்தான், அதற்கு மேல் அவரால் என்ன எழுதியிருக்க முடியும்? ஆனால் அன்று மாலை கம்பெனிப் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஓர் ஆண்டு உழைப்பும் அப்பாவிடம் வாங்கிய பணமும் யாரோ ஒருவர் எழுதிய நான்கு பொது வரிகளில் கரைந்துவிட்டதே என்று நெஞ்சு அடைத்தது. வீட்டில் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுவதும் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகாமல் இருந்தேன், எப்போது வெளிநாடு போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால்.

அதன் பிறகுதான் கடிதம் எழுதுபவரிடம் கல்லூரிகள் உண்மையில் என்ன கேட்கின்றன என்று பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். ஜிமேட் தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு ஒரு பொதுப் பரிந்துரைப் படிவத்தை உருவாக்கியிருக்கிறது. பல அமெரிக்கக் கல்லூரிகள் அதையோ அதை ஒட்டிய கேள்விகளையோ பயன்படுத்துகின்றன. முதலில் விண்ணப்பதாரரோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று ஒரு சிறு கேள்வி வரும். அடுத்து, இதே போன்ற பொறுப்பில் இருக்கும் திறமையான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள் என்பது. அதற்கும் அடுத்ததுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம்: நீங்கள் இவருக்குச் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, எந்தச் சூழலில் சொன்னீர்கள், அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? பின்னால் வரும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் தலா சுமார் 500 சொற்கள் வரை எழுதலாம். இந்த மூன்றாவது கேள்விக்கு ஓர் இயக்குநரோ, தூரத்து உறவில் இருக்கும் ஒரு பெரிய அதிகாரியோ பதில் சொல்லவே முடியாது, ஏனென்றால் அவர் உங்களை ஒருநாளும் திருத்தியிருக்க மாட்டார். யாரிடம் கடிதம் கேட்கலாம் என்று குழம்புபவர்கள், உங்களை முகத்துக்கு நேராகக் கண்டித்தவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே உங்கள் ஆள் இருப்பார்.

என் பட்டியலில் முதலில் வந்த பெயர் எங்கள் உற்பத்தி மேலாளருடையது. டிப்ளமோ முடித்து, இயந்திரம் ஓட்டும் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வந்தவர். முதல் ஆண்டில் நான் அவருடைய பெயரைச் சொன்னபோது, ஆலோசகர் அவருடைய படிப்பைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். ஆனால் என் வேலையில் நடந்த மிகப் பெரிய நெருக்கடியின்போது பக்கத்தில் நின்றவர் அவர்தான். பிரேக் பாகம் ஒன்றில் துளையின் விட்டத்தைச் சரிபார்க்கும் ப்ளக் கேஜ் தேய்ந்துபோயிருந்தது. தேய்ந்த கேஜ், அளவுக்குக் குறைவான துளைக்குள்ளும் தடையில்லாமல் நுழைந்துவிடும் என்பதால், தவறான பாகங்கள் சரி என்று கடந்து போய்க்கொண்டிருந்தன. இரவு ஷிப்டில், காற்றழுத்தத்தைக் கொண்டு அளக்கும் ஏர் கேஜில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அது தெரிந்தது. லாரி சரக்கோடு புறப்படத் தயாராக நின்றது, வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைன் காலையில் எங்கள் பாகத்தை எதிர்பார்த்திருந்தது. நான் லாரியை நிறுத்திவிட்டு மேலாளரை அழைத்தேன். நள்ளிரவுக்கு மேல் வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னோடு விடியும்வரை அளந்தவர் அவர்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "நீ பிடிச்சது பெரிய விஷயம்மா. ஆனா அந்த ஆபரேட்டருக்கு கேஜ் லூசாப் போறது ரெண்டு நாளாவே தெரியும். உங்கிட்ட ஏன் சொல்லல தெரியுமா? அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ பதில் சொல்லிடற. அப்புறம் அவன் எதுக்கு வாயைத் திறக்கணும்?" கேட்டபோது சுருக்கென்று இருந்தது. அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஷிப்டின் கடைசிப் பத்து நிமிடமும் லைனில் நின்று, ஒன்றும் பேசாமல் ஆபரேட்டர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். சில மாதங்கள் கழித்து, சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் கலவை நீர்த்துப் போவதால்தான் வெட்டும் டூல் சீக்கிரம் தேய்கிறது என்று எனக்குச் சொன்னவர் அதே ஆபரேட்டர். இரண்டாம் ஆண்டில் மேலாளர் எனக்காக எழுதிய கடிதத்தில் இருந்தது பெரும்பாலும் இந்தக் கதைதான் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். மூன்றாவது கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது.

அவரிடம் கேட்டபோது அவருக்கு இருந்த தயக்கம் ஆங்கிலத்தைப் பற்றியது. "நீயே எழுதிக் கொண்டா, நான் அனுப்பிடறேன்" என்றார். நம் ஊரில் இது மிகவும் சாதாரணமான பேச்சு, அன்பினால் சொல்வதும்கூட. ஆனால் இந்த இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் எழுதுபவரே கேட்டுக்கொண்டாலும் விண்ணப்பதாரர் தன் கடிதத்தைத் தானே எழுதுவது விதிமீறல் என்று ஸ்டான்ஃபோர்டு வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது, மற்ற கல்லூரிகளின் நிலைப்பாடும் அதுதான். நெறி ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையிலும் அது ஆபத்து. உங்கள் கட்டுரைகளையும் இரண்டு கடிதங்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பவர்களுக்கு, மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பது தெரியாமல் போகாது. இடம் கிடைத்த பிறகும் வெளி நிறுவனங்கள் மூலம் பின்னணியைச் சரிபார்க்கும் கல்லூரிகள் உண்டு. அவர்கள் உங்கள் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், தான் எழுதாத கடிதத்தைப் பற்றி அவர் என்ன சொல்வார்?

நான் செய்தது இதுதான். கேள்விகளைத் தமிழில் அவருக்கு விளக்கிச் சொன்னேன். நாங்கள் சேர்ந்து வேலை செய்த நிகழ்வுகளை, எந்த மாதம், என்ன சிக்கல், என்ன செய்தோம், என்ன எண்ணிக்கை மாறியது என்ற அளவில் மட்டும் இரண்டு பக்கக் குறிப்பாகக் கொடுத்தேன். பாராட்டுச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. நான் ஏன் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன், எதற்குப் போகிறேன் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். எதை எடுப்பது, எதை விடுவது, என்ன கருத்துச் சொல்வது எல்லாம் அவருடைய முடிவு. எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில், அவரே எழுதினார். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் மேலாளரின் இலக்கணத்துக்கு மதிப்பெண் போட உட்காரவில்லை. அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலையில் கீழிருந்து மேலே வந்த ஒருவரின் உடைந்த ஆங்கிலம், மனிதவளத் துறையின் வழவழப்பான ஆங்கிலத்தைவிட நம்பத் தகுந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கடிதத்தோடு குணங்களை மதிப்பிடும் ஒரு அட்டவணையும் இருக்கும். முன்முயற்சி, பேச்சுத் திறன், மற்றவர்களை வளர்த்தெடுப்பது, நேர்மை, தன்னை அறிந்திருத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் படிநிலைகளை விவரித்து, எது பொருந்தும் என்று கேட்பார்கள். நம் மேலதிகாரிகள் நமக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து எல்லாவற்றிலும் உச்ச நிலையைக் குறித்துவிடுவார்கள். ஒவ்வொரு நிலைக்கும் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உண்மையாகக் குறியுங்கள், எல்லாம் உச்சமாக இருந்தால் எதையுமே நம்ப மாட்டார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கடிதத்தைப் பின்னர் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்றும் அமெரிக்க விண்ணப்பங்களில் ஒரு கேள்வி வரும். மாணவர்கள் தங்கள் கோப்புகளைப் பார்க்க 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று வழி செய்வதால் அதைக் கேட்கிறார்கள். விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பதே வழக்கம். எழுதுபவரும் தயக்கமின்றி எழுதுவார், படிப்பவரும் அதை நம்புவார்.

எல்லோருக்கும் இப்படி நேரடி மேலாளரிடம் போய்க் கேட்கும் வசதி இருக்காது என்பது எனக்குத் தெரியும். வெளியே போகப் போகிறோம் என்று தெரிந்தால் ஏப்ரல் ஊதிய உயர்வு கைவிட்டுப் போகும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது, நல்ல பொறுப்புகள் வேறு ஒருவருக்குப் போய்விடும். இந்தப் பயம் நியாயமானது, கல்லூரிகளுக்கும் அது புரியும். அப்படிப்பட்டவர்கள் முந்தைய மேலாளர், வேலை மாறிப் போய்விட்ட பழைய மேலதிகாரி, நெருக்கமாகப் பணியாற்றிய வேறு துறைத் தலைவர், வாடிக்கையாளர் நிறுவனத்தில் உங்களோடு தொடர்பில் இருந்தவர் ஆகியோரை நாடலாம். இப்போதைய மேலாளரைக் கேட்காததற்கான காரணத்தை, கூடுதல் தகவலுக்கான பகுதியில் இரண்டு வாக்கியங்களில் எழுதிவிட்டால் போதும். என் இரண்டாவது கடிதம் வாடிக்கையாளர் நிறுவனத்தின் தரப் பொறியாளரிடமிருந்து வந்தது. எங்கள் தொழிற்சாலையைத் தணிக்கை செய்ய வந்து என்னோடு பலமுறை வாக்குவாதம் செய்தவர் அவர். மேலாளர் என்னை மேலிருந்தும் உள்ளிருந்தும் பார்த்தவர் என்றால், அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர். இரண்டு கடிதங்களும் ஒரே கதையைச் சொல்லாமல் இருந்ததற்கு அது உதவியது. குடும்பத் தொழிலில் இருப்பவர்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கடிதம் வாங்கக் கூடாது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் என் தோழி ஒருத்தி, ஆண்டுக்கணக்கில் அவளோடு விலை பேசிய, வெளிநாட்டு நிறுவனங்களுக்காகக் கொள்முதல் செய்யும் பையிங் ஹவுஸின் மேலாளரிடமும் நிறுவனத்தின் ஆடிட்டரிடமும் வாங்கினாள்.

சில சில்லறை விஷயங்கள் உயிரை எடுத்துவிடும், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் கையில் வாங்கி நாம் அனுப்புவதில்லை. எழுதுபவரின் மின்னஞ்சலுக்குக் கல்லூரியிலிருந்து ஓர் இணைப்பு நேராகப் போகும், அவர் அதில் உள்ளே சென்று பதிவேற்ற வேண்டும். அலுவலக மின்னஞ்சல் கொடுப்பதே நல்லது, சொந்த முகவரி என்றால் சந்தேகம் எழும். ஆனால் பல தொழிற்சாலைகளின் மின்னஞ்சல் வடிகட்டி வெளிநாட்டு இணைப்புகளைத் தடுத்துவிடுகிறது. மேலாளருக்கு வந்த இணைப்பு ஸ்பேமில் கிடந்தது தெரியாமல், நான் அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக் கேட்கத் தயங்கி, அவர் நான் இன்னும் அனுப்பவில்லை என்று நினைத்துக் காத்திருந்து, ஒரு வாரம் வீணாகப் போயிற்று. விண்ணப்பத்தை முழுவதும் முடிக்கும் முன்பே இந்த இணைப்பை அனுப்பிவிடப் பல கல்லூரிகளின் தளங்கள் இடம் தருகின்றன, ஆகவே அதை முதல் வேலையாகச் செய்யுங்கள். நேரக் கணக்கையும் கவனியுங்கள். ஹார்வர்டின் கடைசி நேரம் பாஸ்டன் நண்பகல் என்றால், செப்டம்பரில் நமக்கு அது இரவு 9.30, ஜனவரியில் இரவு 10.30. கடிதங்களும் அதே கெடுவுக்குள் வந்துசேர வேண்டும். உங்கள் மேலாளரிடம் உண்மையான கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பான ஒரு தேதியைச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் உற்பத்திக் கணக்கு முடிக்கும் நாட்களில் அதை வைக்காதீர்கள்.

இனி முன்னாள் மாணவர்களைப் பற்றி. முதல் ஆண்டில் நான் லிங்க்ட்இன்னில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம், உங்கள் கல்லூரியைப் பற்றி அறிய விரும்புகிறேன், பேச நேரம் கிடைக்குமா என்று எழுதினேன். அநேகமாக யாரும் பதில் எழுதவில்லை. இரவு படுக்கும் முன் கைப்பேசியைத் திறந்து பார்ப்பதும் வெறுமையாக மூடுவதும் வழக்கமாகிவிட்டது. நம் பெயரும் ஊரும் யாருக்கும் ஒரு பொருட்டில்லை போலும் என்ற தாழ்வு மனப்பான்மைகூட வந்தது. ஆலோசனை நிறுவனம் தனிக் கட்டணத்துக்கு முன்னாள் மாணவர் அறிமுகம் என்று ஒன்றை விற்றது. பணம் வாங்கிக்கொண்டு பேசுபவர், இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வார் என்று தோன்றியதால் அதை மட்டும் நான் வாங்கவில்லை.

வழி திறந்தது நான் இளங்கலை படித்த கோயம்புத்தூர்க் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தின் மூலம். உலகக் கல்லூரிகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல், என் கல்லூரியில் படித்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு எம்.பி.ஏ. போனவர்கள் யார் என்று தேடினேன். அப்படிக் கிடைத்தவர்களில் ஒருவர் இன்சியாட்டில் படித்து இப்போது சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அக்கா. அவருக்கு எழுதியபோது நான் கேட்டது ஒரே கேள்வி: உற்பத்தித் துறையிலிருந்து, நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் துறைக்கு மாறுபவருக்கு, பத்து மாதப் படிப்பில் இன்டர்ன்ஷிப் இல்லாமல் போவது தடையாக இருக்குமா? அன்று இரவே பதில் வந்தது. இன்சியாட்டில் ஜனவரியில் சேர்பவர்களுக்கு நடுவில் கோடை விடுமுறை உண்டு, இன்டர்ன்ஷிப் செய்யலாம், ஆகஸ்டில் சேர்பவர்களுக்கு அது இல்லை, துறை மாற நினைத்தால் ஜனவரியைப் பார் என்று எழுதியிருந்தார். எந்தச் சிற்றேட்டிலும் இருக்கும் தகவல்தான். ஆனால் என் நிலைமைக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது.

பிறகு தொலைபேசியில் பேசினோம். என்னுடைய பட்டியலைக் கேட்டுவிட்டு, "பேர் பெருசுன்னு போட்டியா, உனக்கு வேணும்னு போட்டியா?" என்று கேட்டார். தொழிற்சாலை வேலையே பிடிக்கும், அதிலேயே மேலே போக வேண்டும் என்றால் எம்.ஐ.டி.யின் எல்.ஜி.ஓ. திட்டத்தைப் பார்க்கச் சொன்னார். 1988இல் உற்பத்தித் துறைத் தலைவர்களை உருவாக்குவதற்கென்றே தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் எம்.பி.ஏ.வோடு பொறியியல் முதுகலையும் கிடைக்கும், நடுவில் ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை. ஆலைகளுக்கு வெளியே போக வேண்டும், ஆசியாவிலேயே இருக்க வேண்டும் என்றால் இன்சியாட்டின் சிங்கப்பூர் வளாகம் பொருந்தும் என்றார். பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசினார். கட்டணமே ஒரு லட்சம் யூரோவை ஒட்டி வரும், சொத்து அடமானம் இல்லாமல் நம் வங்கிகளில் அவ்வளவு கடன் வாங்குவது கடினம். இன்சியாட்டில் படித்த சிலர் 2007இல் தொடங்கிய ப்ராடிஜி ஃபைனான்ஸ் போன்றவை அடமானம் இல்லாமல் தருகின்றன, ஆனால் வட்டியையும் நாணய மாற்று அபாயத்தையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய், அப்பா வீட்டை வைத்து வாங்காதே என்று சொன்னார். அந்த ஒரு பேச்சில் என் பட்டியலில் பாதிக் கல்லூரிகள் நீங்கின. அவற்றுக்குக் கட்டியிருக்க வேண்டிய கட்டணமும் மிச்சமாயிற்று.

முன்னாள் மாணவர்களிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். சேர்க்கைக் குழுவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். உங்களோடு வேலை செய்யாத ஒருவர் அனுப்பும் ஆதரவுக் கடிதத்தைச் சில கல்லூரிகள் ஏற்கும், சில கல்லூரிகள் கேட்டதற்கு மேல் ஒரு கடிதமும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லும். ஏற்கும் இடத்திலும், என் கல்லூரியில் படித்த நல்ல பெண் என்பதைத் தவிர அவரால் என்ன எழுத முடியும்? இயக்குநரின் கடிதத்தில் இருந்த அதே வெறுமைதான் அங்கும் இருக்கும். எனக்கு எவ்வளவு மதிப்பெண் போதும், எனக்கு இடம் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டாம், அது அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பாடம் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது, வேலை கிடைக்காமல் திணறிய வகுப்புத் தோழர்கள் எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்கள், மறுபடி விண்ணப்பித்தால் இதே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் சற்று யோசித்தால், அந்தக் கேள்வி சரியானது என்று பொருள். பேசி முடித்த அன்றே குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்தக் கல்லூரி என்ற கட்டுரைக்கு நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்ததுதான்.

சில கல்லூரிகளில் நேர்காணலையே முன்னாள் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். ஸ்டான்ஃபோர்டிலும் லண்டன் பிசினஸ் ஸ்கூலிலும் இந்த வழக்கம் உண்டு, இன்சியாட்டில் நாம் இருக்கும் நாட்டிலேயே இரண்டு முன்னாள் மாணவர்களைத் தனித்தனியாகச் சந்திக்க வேண்டும். என்னைச் சந்தித்தவர்களில் ஒருவர் சென்னையில் தொழில் நடத்துபவர். தேய்ந்த கேஜ் கதையைச் சொன்னபோது, லாரியை நிறுத்த உனக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். பிறகு எந்தத் துணிச்சலில் நிறுத்தினாய் என்பதிலேயே பேச்சு வெகுநேரம் போயிற்று. அக்காவோடும் மற்றவர்களோடும் பேசிப் பழகியிருந்ததால், அந்தப் பேச்சு எனக்குப் புதிதாக இல்லை, பயமும் இல்லை. முடிவு வந்ததும் நான் முதலில் போய்ச் சொன்னது உற்பத்தி மேலாளரிடம். பேசிய ஒவ்வொருவருக்கும், பேசி ஓராண்டு ஆனவர்களுக்கும்கூட, முடிவைச் சொல்லி எழுதினேன். பல பேர் உதவி கேட்கிறார்கள், என்ன ஆயிற்று என்று சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை என்று அக்கா வருத்தத்தோடு சொல்லியிருந்தார்.

காலக் கணக்கைப் பொறுத்தவரை, பல கல்லூரிகளில் விண்ணப்பங்களை வாங்கும் முதல் சுற்று செப்டம்பரில் முடியும், இரண்டாவது சுற்று ஜனவரித் தொடக்கத்தில். செப்டம்பருக்குப் போக நினைப்பவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே முன்னாள் மாணவர்களிடம் பேசத் தொடங்கிவிடலாம். மே மாதத்தில், ஊதிய உயர்வுக் கடிதம் கைக்கு வந்த பிறகு, மேலாளரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். அரைமனதாக எழுதப்பட்ட கடிதம் போவதைவிட அவர் மறுப்பது உங்களுக்கு நல்லது. ஒருவரிடம் நான்கைந்து கல்லூரிகளுக்கு மேல் கேட்காதீர்கள், ஒவ்வொரு கல்லூரியின் படிவத்தையும் அவர் தனித்தனியாக நிரப்ப வேண்டியிருக்கும். ஜிமேட் மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு ஆண்டுகள்தான். முதல் முறை கிடைக்காவிட்டாலும் மதிப்பெண் வீணாகாது, எழுதுபவர்களை மாற்றிக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.